அம்மாச்சியின் செபமாலையும் எபேசியர் இரண்டாம் அதிகாரமும்

"மீட்பு விசுவாசத்தாலா, கிரியையாலா?" என்று நீங்கள் கேட்டது ஒரு வரிதான். அதற்கு மேலே எழுதியிருக்கும் நாலைந்து வரிகளில்தான் உங்கள் மனதை அரிக்கிற கேள்வி இருக்கிறது. உங்கள் அம்மாச்சி கத்தோலிக்கர். தினமும் செபமாலை, புதன்கிழமை தவறாமல் நவநாள், கால் ஒத்துழைத்த வரைக்கும் ஆண்டுதோறும் கொடியேற்றத்துக்கு வேளாங்கண்ணிக்கு நடை. போன மாதம் இறந்துபோனார். கடைசி மூன்று மாதம் கூடவே இருந்து பார்த்துக்கொண்ட சித்தி பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர். "அம்மா செஞ்சதெல்லாம் வெறும் கிரியை. கிரியை யாரையும் இரட்சிக்காது. அம்மா இரட்சிக்கப்படாமலே போயிட்டாங்க" என்று அழுகிறார், அந்தச் செபமாலையையும் வீட்டில் வைத்திருக்க வேண்டாம் என்கிறார். ஆக, நீங்கள் கேட்பது இறையியல் மட்டுமல்ல. அம்மாச்சி இப்போது எங்கே இருக்கிறார், அந்த மாலையை என்ன செய்வது என்பதுதான்.

நான் 29 ஆண்டுகள் தென்னிந்தியத் திருச்சபையில் ஆயராக இருந்தவன். இடையில் ஆறு ஆண்டுகள் இறையியல் மாணவர்களுக்குப் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் கற்றுக்கொடுத்தேன். கத்தோலிக்கன் அல்ல, செபமாலை சொல்லி வளர்ந்தவனும் அல்ல. அதனால் கீழே கத்தோலிக்கப் போதனையைப் பற்றிச் சொல்வதை என் கட்சிக்காகப் பேசுவதாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தனி மனிதர் மீட்கப்பட்டாரா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எனக்கும் இல்லை, சித்திக்கும் இல்லை, எந்தப் போதகருக்கும் இல்லை. இறந்த ஒருவர் மீட்கப்படவில்லை என்று பெயர் சொல்லி அறிவிக்கும் வழக்கம் பெரிய திருச்சபைகள் எதிலும் கிடையாது. ஆனால் சித்தி சொன்ன காரணம் சரியா என்று பார்க்க முடியும். அதைப் பற்றி நிறையவே தெரியும்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். நற்செயல்களைச் சேர்த்து வைத்து மோட்சத்தை விலைக்கு வாங்கலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபை போதிப்பதில்லை. புரொட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தருக்குப் பதில் சொல்வதற்காகக் கூடிய ஆயர்களின் பேரவையான திரெந்து பொதுச்சங்கம், 1547 ஜனவரி 13 அன்று இந்தப் பொருளில் தன் தீர்மானத்தை வெளியிட்டது. அதில் சபிக்கப்பட்ட கருத்துகளின் பட்டியலில் முதலாவதாக நிற்பது எது தெரியுமா? கிறிஸ்துவின் வழியாக வரும் அருள் இல்லாமல், தன் சொந்தச் செயல்களால் மனிதன் கடவுளுக்கு முன் நீதிமானாக முடியும் என்ற கருத்து. சித்தி எதை மறுக்கிறாரோ, அதைக் கத்தோலிக்கத் திருச்சபை அவருக்கு ஏறத்தாழ 480 ஆண்டுகளுக்கு முன்பே மறுத்துவிட்டது. அதற்கும் ஆயிரம் ஆண்டுகள் முன்னால், 529-ல், பிரான்ஸின் தெற்கே ஒராஞ்சு நகரில் கூடிய சங்கம் இன்னும் ஒரு படி மேலே போய், கடவுளை நம்பத் தொடங்குகிற அந்த முதல் அசைவுகூட அருளால்தான் வருகிறது என்று சொல்லியிருக்கிறது. அருளே முந்துகிறது என்பதில் கத்தோலிக்கர், லூத்தரன்கள், மெதடிஸ்டுகள், சீர்திருத்தச் சபையார், பெந்தெகொஸ்தேயினர் யாருக்கும் சண்டை இல்லை.

அப்படியானால் 1517-ல் லூத்தர் எதை எதிர்த்தார்? அன்றைக்குக் கண்ணெதிரே நடந்ததை. இறந்த உறவினரின் பாவத் தண்டனை குறையும் என்று சொல்லிப் பாவப்பரிகாரச் சீட்டு விற்கப்பட்டது. ஜெர்மனியில் அந்தப் பணத்தில் பாதி ரோமில் புனித பேதுரு பேராலயக் கட்டுமானத்துக்குப் போனது. மறு பாதி, மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்ட் தம் பதவிக்காக ஃபுக்கர் வணிகக் குடும்பத்திடம் வாங்கிய கடனை அடைக்கப் போனது. போதனை ஒன்று, நடைமுறை வேறு. அந்த நடைமுறையைப் பார்த்துக் கொதித்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே லூத்தர், ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் உயிருள்ளது, சும்மா இருக்கத் தெரியாதது, நெருப்பிலிருந்து சூட்டையும் வெளிச்சத்தையும் பிரிக்க முடியாததுபோல அதிலிருந்து நற்செயலைப் பிரிக்க முடியாது என்கிறார். 1738 மே 24 மாலை, லண்டனில் ஒரு சிறு கூட்டத்தில் அந்த முன்னுரையை யாரோ வாசிக்கக் கேட்டபோதுதான் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் உள்ளம் அனல்கொண்டது. சித்தியின் சபை உட்பட இன்றைய எழுப்புதல் சபைகள் பலவற்றின் பாட்டன் வீடு அந்த மெதடிஸ்ட் இயக்கம்தான். "விசுவாசம் மட்டும்" என்று முழங்கிய தலைமுறையே செயலற்ற விசுவாசத்தை விசுவாசம் என்று ஒத்துக்கொள்ளவில்லை.

வித்தியாசமே இல்லை என்று மழுப்ப நான் வரவில்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. கடவுள் ஒருவரை நீதிமான் என்று ஏற்கும்போது என்ன நடக்கிறது? கிறிஸ்துவின் நீதியை அவர் கணக்கில் வைத்து, பாவியாக இருக்கும்போதே "நீ நீதிமான்" என்று தீர்ப்புச் சொல்கிறார் என்பது லூத்தர் பக்கம். அந்த நீதியை உள்ளே ஊற்றி அவரை உண்மையிலேயே நீதிமானாக மாற்றத் தொடங்குகிறார், அந்த அருளோடு ஒத்துழைத்துச் செய்கிற செயல்களால் அந்த நீதி வளர்கிறது என்பது திரெந்து பக்கம். இதில் தமிழ் படிப்பவர்களுக்கு ஒரு வேடிக்கையான சிக்கல் உண்டு. புதிய ஏற்பாட்டு நிருபங்களில் பவுல் பயன்படுத்தும் கிரேக்க வினை, நீதிமன்ற வழக்கில், "நீதிமான் என்று தீர்ப்பளித்தல்" என்ற பொருள் தருவது. நம் பழைய மொழிபெயர்ப்பில் அது "நீதிமானாக்கப்படுதல்". 'ஆக்குதல்' என்றால் மாற்றிச் செய்தல். புரொட்டஸ்டண்ட் வேதாகமத்தில் இருக்கிற தமிழ்ச் சொல் கத்தோலிக்க விளக்கத்துக்குத் துணை போகிறது! லத்தீனிலும் இதேதான் நடந்தது. 'நீதிமானாகச் செய்தல்' என்று ஒலிக்கும் லத்தீன் சொல்லை வைத்துத்தான் பழங்காலத் திருச்சபையின் பெரிய இறையியலாளர் அகுஸ்தீன் சிந்தித்தார், மேற்குத் திருச்சபை முழுவதும் அவர் வழியில் போனது.

இந்த வித்தியாசத்தையும் வைத்துக்கொண்டே 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் நம்பிக்கையில் நாம் ஏற்கப்படுகிறோம். அப்படி ஏற்கப்பட்டவர்களை ஆவியானவர் புதுப்பித்து நற்செயலுக்கு அழைக்கிறார் என்பது அதன் சாரம். தரங்கம்பாடியில் வேரூன்றிய தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் அந்தக் கூட்டமைப்பில் உறுப்பு. 2006-ல் மெதடிஸ்டுகளும், 2017-ல் சீர்திருத்தச் சபைகளின் உலக அமைப்பும் சேர்ந்துகொண்டன. அமெரிக்காவின் மிசௌரி சினட் போன்ற லூத்தரன் சபைகள் சேரவில்லை. அவர்களுடைய காரணங்கள் அற்பமானவை அல்ல. உத்தரிக்கும் தலம் (இறந்தபின் ஆன்மா தூய்மை பெறும் நிலை), பலன்கள் (பாவத் தண்டனைக் குறைப்பு), மாதாவிடம் வேண்டுதல் இவற்றில் எனக்கும் கத்தோலிக்கரோடு உடன்பாடு இல்லை. ஆனாலும் அருளா உழைப்பா என்ற அடிப்படைக் கேள்வியில், உங்கள் அம்மாச்சியின் திருச்சபையும், மெதடிஸ்ட், சீர்திருத்த மரபுகளையும் உள்ளடக்கிய என் திருச்சபையும் ஒரே வாக்கியத்தைச் சேர்ந்து சொல்ல முடிந்திருக்கிறது.

இனி சித்தி சொன்ன அந்த ஒற்றைச் சொல்லுக்கு வருகிறேன்: கிரியை. குழப்பத்தில் பெரும்பங்கு இந்தச் சொல்லில்தான் இருக்கிறது. தமிழில் கிரியை என்றால் நம் காதில் விழுவது சடங்கு. சைவத்தில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்பார்கள்; அங்கே கிரியை என்பது பூசை. இறந்தவருக்குச் செய்வது இறுதிக் கிரியை. எனவே "கிரியைகளினால் உண்டானதல்ல" என்று எபேசியர் நிருபத்தில் (2:9) வாசித்த உடனே நம் மனம் செபமாலை, மெழுகுவர்த்தி, பாதயாத்திரை என்று ஓடுகிறது. மூலத்தில் இருப்பது 'எர்கா' என்ற சாதாரணச் சொல். வேலை, செயல், அவ்வளவுதான். கத்தோலிக்கர் வாசிக்கும் 1995-ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பில் அது 'செயல்' என்றே இருக்கிறது.

சரி, பவுல் எந்தச் செயல்களை எதிர்த்தார்? ரோமரிலும் கலாத்தியரிலும் அவர் திரும்பத் திரும்பச் சொல்வது "நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்", அதாவது மோசேயின் சட்டம் விதித்த செயல்கள். கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தில் அந்தப் பேச்சு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். அந்தியோகியாவில், யூதரல்லாத விசுவாசிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியை விட்டு விலகுகிறார். பவுல் எல்லார் முன்பாகவும் முகத்துக்கு நேரே அவரைக் கடிந்துகொள்கிறார். பந்தி பிரித்தல் என்றால் என்னவென்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விருத்தசேதனமும் உணவு விதியும் உள்ளவன்தான் உள்ளே வரலாம் என்று சொன்னவர்களுக்கு எதிராகத்தான், விசுவாசம் போதும் என்று பவுல் வெடித்தார். யாக்கோபு தம் நிருபத்தில் பேசுகிற செயல் வேறு. உடுத்தத் துணியும் அன்றாடச் சோறும் இல்லாத ஒரு சகோதரனிடம் "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்பினால் என்ன பிரயோஜனம் என்று கேட்கிறார். பவுல் மறுத்த கிரியையும் யாக்கோபு கேட்ட கிரியையும் ஒன்றல்ல. இரண்டிலுமே செபமாலை இல்லை.

'விசுவாசம்' என்ற சொல்லோ, தமிழுக்குக் கிடைத்த பேறு என்றே நினைக்கிறேன். நாயை விசுவாசமுள்ளது என்கிறோம். முப்பது வருஷம் ஒரே இடத்தில் நாணயமாக வேலை பார்த்தவரை விசுவாசமான ஆள் என்கிறோம். மூலச் சொல்லான 'பிஸ்டிஸ்' அப்படித்தான்: நம்புதல், நம்பிக்கைக்கு உண்மையாக நிற்றல் என்ற இரண்டும் அதில் அடக்கம். கடவுள் ஒருவர் உண்டு என்று பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று யாக்கோபு சொல்வது, முதல் பாதி மட்டும் இருந்து மறு பாதி இல்லாத விசுவாசத்தை. புதிய ஏற்பாட்டில் 'விசுவாசம்', 'மாத்திரம்' என்ற இரு சொற்களும் சேர்ந்து வருகிற ஒரே இடமும் யாக்கோபு 2:24தான். அங்கே "விசுவாசத்தினாலேமாத்திரமல்ல" என்று மறுப்பாக வருகிறது. ரோமர் 3:28-ல் 'மட்டும்' என்பதை லூத்தர் 1522-ல் தம் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் சேர்த்தார். கருத்தைத் தெளிவாக்கவே சேர்த்தேன் என்று பிறகு வாதாடினார். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்தச் சொல் மூலத்தில் இல்லை.

அறிஞர்கள் இன்னும் முடிவுக்கு வராத இடங்களும் உண்டு. பவுல் எதிர்த்தது யூத அடையாளச் சட்டங்களை மட்டுமா, அல்லது கடவுளிடம் கணக்குக் காட்டும் எல்லா மனித முயற்சியையுமா? 1977-ல் புதிய ஏற்பாட்டு அறிஞர் ஈ. பி. சாண்டர்ஸ், யூத சமயமே அருளில் நிற்பதுதான் என்று காட்டியதிலிருந்து இந்த விவாதம் சூடாக நடக்கிறது. 1994-ல் முறையாக வெளியான சாக்கடல் சுருள் (சாக்கடல் அருகே குகைகளில் கிடைத்த பண்டைய யூதச் சுவடி) ஒன்றில் "நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்" என்ற அதே தொடர் எபிரேயத்தில் வருகிறது. அங்கே அது தூய்மை, பலி சார்ந்த சில நியமங்களைச் சுட்டுகிறது. இது முதல் தரப்புக்குப் பலம். ஆனால் எபேசியர் 2:9-ல் 'நியாயப்பிரமாணம்' என்ற சொல் இல்லாமல் வெறும் 'கிரியைகள்' என்றே வருவதும், "ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு" என்று காரணம் சொல்லப்படுவதும் இரண்டாம் தரப்புக்குப் பலம். இரண்டும் சேர்ந்தே உண்மை என்பது என் எண்ணம். அதை நிரூபித்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். யாக்கோபு பவுலுக்கே பதில் எழுதினாரா, பவுலைத் தவறாகப் புரிந்துகொண்டவர்களுக்கு எழுதினாரா என்பதிலும் ஒருமித்த முடிவு கிடையாது.

நான் பாடம் எடுத்த காலத்தில் இத்தனையும் கரும்பலகையில் எழுதி விளக்கியவன்தான். ஆனால் எனக்கு இது உறைத்தது வேறோர் இடத்தில். தூத்துக்குடிப் பக்கம் ஒரு கிராமச் சபையில், பீடி சுற்றிப் பிழைத்த ஒரு விதவைத் தாயார் படுத்த படுக்கையாக இருந்தார். அந்தப் பக்கத்துச் சபைகளில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை ஒதுக்கி, மாதக் கடைசியில் ஆலயத்துக்குக் கொடுப்பார்கள். அவர் அடுப்படி மாடத்தில் அதற்கென்று ஒரு பழைய பால்பவுடர் டப்பா; மூடி துருப்பிடித்திருக்கும். நான் போன அன்று, "ஐயா, ரெண்டு மாசமா அரிசி எடுத்து வைக்கலியே" என்றார். கிரியையில் சாய்ந்துகொண்டு சாகப் போகிறாரே என்று பதறி, உடனே "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்ற எபேசியர் 2:8-ஐ எடுத்து விளக்க ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது தெரியும் ஐயா. அவருகிட்ட வாங்கித் தின்னுட்டு சும்மா இருக்க முடியுமா?" என்றார். எனக்கு வாய் எழவில்லை. நான் கடன் தீர்க்கும் பணம் என்று நினைத்தேன். அவருக்கு அது, தூரத்தில் இருக்கும் மகன் வீட்டுக்கு இந்த மாதம் முறுக்கு சுட்டு அனுப்ப முடியவில்லையே என்று ஒரு தாய் அங்கலாய்ப்பது போன்றது. அவருக்குத் தெரிந்த எபேசியர் எனக்குத் தெரியவில்லை.

அதே சபையில் இன்னொருவர். தாம் இரட்சிக்கப்பட்ட தேதியை, நேரம் உட்பட, ஒவ்வொரு சாட்சிக் கூட்டத்திலும் சொல்வார். பொதுக் கிணற்றுப் பங்குத் தகராறில் சொந்த அண்ணனோடு பதினான்கு வருஷமாகப் பேச்சு இல்லை. அண்ணன் வீட்டுச் சாவுக்கும் போகவில்லை. இந்த இருவரில் யார் விசுவாசத்தை நம்பினார்கள், யார் கிரியையை நம்பினார்கள் என்று வெளியிலிருந்து சொல்லுங்கள் பார்ப்போம். ஒரே செயல் ஒருவர் கையில் கடவுளோடு பேரமாகவும், மற்றவர் கையில் நன்றியாகவும் இருக்கும். "பிள்ளை பாஸாகிவிட்டால் மொட்டை" என்பதில்கூட அந்தப் பேரம் எவ்வளவு, "உன்னை விட்டால் எனக்கு யார்" என்ற பற்று எவ்வளவு என்று பிரித்தெடுக்க எனக்குத் தெரியாது. எங்கள் சபைகளிலும் அசனம் (ஆலய விருந்து), பொருத்தனை, தசமபாகம் உண்டு. சித்தியின் சபை போன்றவற்றில் உபவாச ஜெபம், வெள்ளை உடை, நகை கழற்றுதல் உண்டு. அவற்றை நான் பழிக்கவில்லை. அன்பு கைகால் முளைத்துத்தான் நடமாட வேண்டியிருக்கிறது. நம்முடையதைக் கனி என்றும் மற்றவருடையதைக் கிரியை என்றும் அழைக்கிற பழக்கத்தைத்தான் பழிக்கிறேன்.

நம் நாட்டு வைணவர்களும் இதே கேள்வியோடு மல்லுக்கட்டியவர்கள்தான். குரங்குக்குட்டி தாயை இறுகப் பிடித்துக்கொள்கிறது, பூனைக்குட்டியைத் தாய் கவ்விக்கொண்டு போகிறது. சரணடைந்தவன் எதைப் போன்றவன் என்று வடகலையும் தென்கலையும் வாதாடின. கிறிஸ்தவப் போதனையும் அதுவும் ஒன்று என்று சொல்லவில்லை. ஆனால் மாணவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது ஒன்று: குட்டி பிடித்தாலும் சரி, பிடிக்காவிட்டாலும் சரி, மரம் விட்டு மரம் தாவுவது தாய்தான்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. செபமாலையை எறிய வேண்டாம். அதை வைத்துச் செபிப்பதா வேண்டாமா என்பது உங்கள் மனசாட்சியைப் பொறுத்தது. உங்கள் அம்மாச்சியின் விரல் தேய்ந்த பொருளை வைத்திருப்பதில் எந்தத் தப்பும் இல்லை. சித்தியிடம் வாதாடவும் வேண்டாம். அவர் கல்நெஞ்சத்தால் அப்படிப் பேசவில்லை. அம்மாவை இழந்துவிட்டோமோ என்ற பயம் அது. அவர் மனப்பாடமாகச் சொல்லும் எபேசியர் 2:8, 9 வசனங்களோடு பத்தாம் வசனத்தையும் சேர்த்து அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள்: "நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டு, தேவனுடைய செய்கையாயிருக்கிறோம்." பிறகு, அந்த மூன்று மாதமும் ராத்திரியில் அம்மாச்சி மாலையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன சொன்னார், யாரை, எப்படிக் கூப்பிட்டார் என்று கேளுங்கள். பக்கத்திலேயே படுத்திருந்தவர் சித்தி. அது அவர் காதில் விழுந்திருக்கும்.